வெள்ளம் வடிந்த பிறகு கரை சரிவது ஏன்?

கொள்ளிடக்கரை விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். அணைக்கரைக்கு மேற்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் எங்கள் படுகை நிலம் இருக்கிறது. இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியபோது அசையாமல் நின்ற கரை, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் இரண்டு தென்னைகளோடு ஆற்றுக்குள் சரிந்துவிட்டது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவுக்கும், மலையே இல்லாத எங்கள் ஊரில் நேர்ந்ததற்கும் காரணம் ஒன்றுதானா? இதில் இயற்கையின் பங்கு எது, நம் பங்கு எது?

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்றாலும் அடிப்படை ஒன்றுதான். சரிவில் நிற்கும் மண் நீரில் ஊறும்போது அதன் எடை கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. ஆறு நிறைந்து ஓடும்வரை அந்த நீரே கரைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். முக்கொம்பு மேலணையில் தண்ணீர்த் திறப்பைக் குறைத்து நீர்மட்டம் மளமளவென்று இறங்கினால் முட்டு போய்விடும், ஆனால் கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு விரைவாக வடியாது. மேலே களியும் அடியில் மணலுமாக அமைந்த நம் வண்டல் கரையில் அடிமணல் முதலில் அரித்துப்போக, மேலுள்ள களி பாளமாக விழுகிறது. இதுவரை இயற்கை. எந்த இடத்தில் விழும் என்பதைப் பல இடங்களில் நாம்தான் தீர்மானிக்கிறோம்: அளவுக்கு மீறி மணல் அள்ளிய இடத்தில் ஆற்றின் தரை தாழ்ந்து, கரை செங்குத்தாகிவிடுகிறது. ஆறு வந்து மோதும் வளைவின் வெளிப்புறம் என்றால் சொல்லவே வேண்டாம்.

குன்னூரில் வேலை பார்த்த மன்னார்குடிக்காரர்:
மலையிலும் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் அடியை வெட்டுகிறார்கள், மழைநீர் இறங்கும் ஓடையை மூடுகிறார்கள். நான் நேரில் பார்த்த சரிவுகளில் பல, அப்படி வெட்டிய இடங்களிலேயே நேர்ந்தன. ஆனால் எல்லாவற்றையும் மனிதர் மேல் போட்டுவிட முடியாது. முண்டக்கைச் சரிவு தொடங்கியது உயரத்தில், காட்டுக்குள். தொடர்ந்து கொட்டிய கனமழையில் ஊறிய மண் அது. அது இறங்கி வரும் ஓடை வழியில் குடியிருப்புகள் இருந்ததே இழப்பைப் பெருக்கியது.

கொள்ளிடக்கரை விவசாயி:
மிக்க நன்றி ஐயா. இன்று காலை போய்ப் பார்த்தேன். எஞ்சிய கரையில், விளிம்பிலிருந்து நான்கடி உள்ளே, ஆற்றுக்கு இணையாக விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடுகிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
அடுத்து விழப்போவது அந்தப் பாளம்தான். ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மழைநீர் உள்ளே இறங்காதபடி, வெடிப்பை விளிம்புப் பக்கம் நிற்காமல் உட்புறத்திலிருந்தே களிமண்ணால் அடைக்கலாம் என்றாலும், அது தற்காலிகமே. நீர்வளத்துறைக்குப் படத்துடன் இன்றே மனு கொடுங்கள். கரை நிலைத்த பிறகு அடியில் நாணலும் சரிவில் வெட்டிவேரும் வையுங்கள். விளிம்பில் மீண்டும் தென்னை வைக்க வேண்டாம், அதன் பாரத்தை அந்தக் கரை தாங்காது.