மறு: மருந்தால் வரும் வாய்ப்புண்: என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘மருந்துத் தூண்டல் வாய்க்குழிப் புண்’ என்றால் துல்லியமாக இருக்குமே?

துல்லியம்தான் ஐயா. ஆனால் இது மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் வரப்போகிற சொல். அதைப் படிப்பவர் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற ஒரு பாட்டியாக இருக்கலாம். அவருக்குத் தூண்டலும் வேண்டாம், குழியும் வேண்டாம்.

> வழக்கில் இருக்கிற ‘வாய்ப்புண்’ போதாதா?

போதாது. ‘வாய்ப்புண்’ என்றதும் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மணத்தக்காளிக் கீரை வாங்கப் போய்விடுவோம். கீரை நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்! ஆனால் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேரும்போது முதலில் தலைகாட்டும் அறிகுறிகளில் வாய்ப்புண்ணும் ஒன்று. சரியான அளவில் எடுப்பவர்களுக்கும் புண் வருவதுண்டு. செல்கள் பெருகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. வாயின் உட்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் அடிவாங்குகிறது. கூடவே அந்த வைட்டமினின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் எழுதித் தருவது இதனால்தான். ஆக, புண்ணுக்குக் காரணம் மருந்து என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

> அப்படியானால் ‘மருந்து வாய்ப்புண்’?

வாய் தவறி இரண்டையும் மாற்றிப் போட்டால் ‘வாய்ப்புண் மருந்து’. கடைக்காரர் களிம்பை எடுத்து நீட்டிவிடுவார்.

என் பரிந்துரை மருந்துப்புண். படுக்கையால் வருவது படுக்கைப்புண் என்றால், மருந்தால் வருவது மருந்துப்புண். அதே வேற்றுமைத் தொகை; புதிதாக இலக்கணம் எதுவும் பண்ண வேண்டியதில்லை. ‘வாய்’ விட்டுப்போயிற்றே என்பீர்கள். அது வசதிதான். நெஞ்சுவலிக்குத் தருகிற நிகோரண்டில் சிலருக்கு வாயில் ஆழமான புண்ணை உண்டாக்கும், ஆசனவாயிலும் உண்டாக்கும். எந்தக் களிம்புக்கும் லேசில் மசியாது. மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தினால்தான் ஆறும். இரண்டு இடத்துக்கும் ஒரே காரணம், ஒரே பெயர். தேவைப்படும் இடத்தில் ‘வாய் மருந்துப்புண்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

> பல்வலிக்கு ஆஸ்பிரினை ஈறில் அடக்கி வைத்து வெந்துபோவதும் மருந்துப்புண்தானா?

இல்லை. அங்கே மாத்திரையின் அமிலம் பட்ட இடம் மட்டும் வேகிறது. அதை ‘மருந்துச் சுடுபுண்’ என்று தனியே வைப்போம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் வாயில் படியும் வெள்ளைப் படலமும் இதில் சேராது, அது பூஞ்சைத் தொற்று.

எனக்குத் தீராமல் இருப்பது கார்பிமசோல்தான். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தருகிற இந்த மருந்து, அரிதாக வெள்ளணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். தொண்டை வலி, காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் வரும். அப்போது தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். இதையும் மருந்துப்புண் என்றால், ‘மருந்தால் வருவதுதானே, போகட்டும்’ என்று யாராவது சும்மா இருந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு மட்டும் ‘அபாய மருந்துப்புண்’ என்று அடைமொழி கொடுக்கலாமா, அல்லது பெயரை அப்படியே விட்டு எச்சரிக்கையை அடுத்த வரியில் எழுதினால் போதுமா? குழுவில் இருக்கும் மருத்துவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்