சந்தா கட்டும் மின்வளங்களை (இணையத்தில் படிக்கும் இதழ்கள், தரவுத்தளங்கள்) யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? நூலகர்களின் அனுபவங்கள்

கல்லூரி நூலகர்

சந்தா புதுப்பிக்கும் மாதம் வந்தாலே என் மேசை முழுக்க கவுன்ட்டர் அறிக்கைகள்தான், அதாவது எதை எத்தனை முறை திறந்தார்கள் என்று பதிப்பாளர்கள் ஒரே பொது முறையில் எண்ணித் தரும் கணக்குகள். நிர்வாகத்தில் கட்டணத்தைப் பயன்பாட்டு எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கட்டுரைக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் விழுந்தால் வெட்டச் சொல்வார்கள். ஒருமுறை இரண்டு பதிப்பாளர்களை ஒப்பிட்டபோது, ஒருவருடைய எண்ணிக்கை மட்டும் சந்தேகப்படும்படி எகிறியிருந்தது. சரி, என்னதான் நடக்கிறது என்று அந்தத் தளத்தில் நானே ஒரு கட்டுரையைத் திறந்தேன். தலைப்பைத் தட்டியதுமே முழுக்கட்டுரையும் திரையில் விரிந்துவிடுகிறது. அது ஒரு கணக்கு. அப்புறம் பிடிஎஃப் எடுத்தால் அது இன்னொரு கணக்கு. படித்தது ஒன்று, பதிவானது இரண்டு.

2019 முதல் நடைமுறைக்கு வந்த கவுன்ட்டர் ஐந்தாம் பதிப்பில் மொத்தக் கணக்கோடு தனிக்கட்டுரைக் கணக்கும் வருகிறது. ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை எத்தனை வடிவில் எடுத்தாலும் அதில் ஒன்றுதான். அந்த எண்ணை வைத்து மறுபடி வகுத்ததும், இரண்டு பதிப்பாளர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் மொத்தக் கணக்கைக் கூட்டத்துக்கு எடுத்துப்போவதே இல்லை.

ஆய்வு நிறுவன நூலகர்

சார், எங்களுக்கு நேர்மாறு. ஆளே தொடவில்லை என்று நிறுத்தவிருந்த ஓர் இதழைப் பற்றி ஆய்வு மாணவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாராம், மற்றவர்கள் அங்கேயே படித்துக்கொள்வார்களாம். (உரிமம் இதற்கு இடம் கொடுக்குமா என்பது தனி வழக்கு.) அறிக்கையில் விழுவது என்னவோ ஒன்றுதான்.

நான் முதலில் பார்ப்பது அணுகல் மறுப்பு அறிக்கையை. நாம் சந்தா கட்டாத எந்த இதழின் கதவை நம் ஆட்கள் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பல்கலைக்கழக நூலகம், மின்வளப் பிரிவு

ஒருநாள் காலை வீட்டிலிருந்து யாருக்கும் ஒரு பதிப்பாளரின் தளம் திறக்கவில்லை. அளவுக்கு மீறிய பதிவிறக்கம் என்று எங்கள் ப்ராக்ஸியின் (வெளியிலிருந்து வருபவர்களை நூலகத்தின் பெயரில் தளத்துக்குள் அனுப்பும் இடைக்கணினி) ஐபி முகவரியையே அடைத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிவது அந்த ஒரு முகவரிதான், அதன் பின்னால் இருக்கும் ஆள் தெரியாது. அந்த ப்ராக்ஸியை இயக்கும் ஈசிப்ராக்ஸி மென்பொருளின் லாகை, அதாவது யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவைத் திறந்தால், நள்ளிரவு தாண்டி ஒரே பயனர் பெயரில் வரிசையாக பிடிஎஃப் இணைப்புகள், அதுவும் வெளிநாட்டு ஐபியிலிருந்து. அந்த மாணவரோ விடுதியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பாஸ்வேர்ட் களவு போயிருக்கிறது. கணக்கை முடக்கி, விளக்கம் எழுதி அனுப்பிய பிறகுதான் தளத்தைத் திறந்துவிட்டார்கள்.

லாகில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்ததும் மேலிடத்துக்கு ஆசை வந்துவிட்டது. எந்தப் பேராசிரியர் என்ன படிக்கிறார், பட்டியல் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம். பயனர் பெயரை எடுத்துவிட்டு, துறை, மாணவரா ஆசிரியரா என்ற இரண்டை மட்டும் வைத்து மாதக் கணக்கு கொடுக்கிறோம். மூல லாகைக் கொஞ்ச காலம் பாதுகாப்புக்காக வைத்திருந்து அழித்துவிடுவோம்.

இதிலும் ஓட்டை உண்டு. வளாகத்துக்குள் இருந்து வளாகத்தின் ஐபியைக் காட்டி நேராகத் தளத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ப்ராக்ஸி லாகில் வருவதே இல்லை. அதனால் துறைக் கணக்கைக் கூட்டி கவுன்ட்டர் எண்ணோடு பொருத்திப் பார்க்க முடியாது. ஆசிரியர்கள் ஓரிருவரே உள்ள துறைகளை எல்லாம் சேர்த்து 'பிற' என்று போட்டுவிடுகிறோம். இல்லையென்றால் துறைப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.