புதுப்பிப்பு: பூக்கடைக்கான முப்பரிமாணத் தமிழ் லோகோ

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாமா திறக்கும் பூக்கடைக்கு முப்பரிமாண எழுத்து லோகோ செய்ய வேண்டும், போட்டோஷாப்பில் 3டி வசதி சரியாக வேலை செய்யவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

அந்த வசதியையே நீக்கிவருகிறார்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான். 2021இல் வந்த 22.5 பதிப்பிலிருந்தே போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. அதனால் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் பழைய வழியையே பிடித்தேன். எழுத்து இருக்கும் லேயரை (அடுக்கை) நகலெடுத்து, ஒவ்வொரு நகலையும் ஒரு பிக்சல் வலமும் கீழுமாக நகர்த்தி அடுக்க வேண்டும். அடியில் உள்ளவற்றை ஒன்றாக்கி நிறத்தை இருட்டாக்கினால் பக்கச்சுவர் தயார். மேல் லேயருக்கு மட்டும் கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பூச்சு.

தொல்லை கொடுத்தது புள்ளிதான். பக்கச்சுவரின் தடிமன் கூடக் கூட, 'க்' தலையில் இருக்கும் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தடிமனைக் குறைத்து, புள்ளியைத் தனியாக வெட்டிக் கொஞ்சம் மேலே தூக்கியதும் அடங்கியது. முக்தா மலர் எழுத்துருவின் தடித்த வடிவம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நிழல் வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது.

பழைய போட்டோஷாப் பதிப்பில் செய்பவர்கள், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

பலகையில் மலாய்ப் பெயர்தான் பெரிதாக வர வேண்டும், அதனால் தமிழுக்கு மெல்லிய பக்கச்சுவரே போதும். அப்புறம், மாமா தங்க நிறம் கேட்கிறார். மல்லிகைப்பூ கடைக்கு எதற்குத் தங்கம் என்கிறார் அத்தை. பேச்சுவார்த்தை நடக்கிறது.