புதுப்பிப்பு: இகாரஸ் வாட்ச் ஓட ஆரம்பித்துவிட்டது

அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஜனதா கைவாட்ச்சை கிரேக்கத்து இகாரஸ் கதையை வைத்து மாற்றப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். "அப்படியே விட்டுவிடு" என்று பாதிப் பேர் திட்டினீர்கள். சரி, வேலை முடிந்துவிட்டது.

அப்பன் டேடலஸ் மெழுகும் இறகும் வைத்துச் செய்து கொடுத்த சிறகு வெயிலில் உருகி, மகன் கடலில் விழுந்த கதைதான். டயலில் 12 இருந்த இடத்தில் சூரியன், 6 பக்கம் கடல் நீலம். நொடி முள்ளில் தகட்டுச் சிறகு ஒட்டலாம் என்றேன். திருப்பாதிரிப்புலியூர் வாட்ச் கடை அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை: "தம்பி, முள்ளு கனத்தா மெஷின் இழுக்காது, கண்ணாடியிலயும் உரசும்." அதனால் முள்ளிலேயே மெல்லிசாக வெள்ளை பெயிண்ட். இந்த மெஷினுக்கு மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. ஒவ்வொரு துடிப்புக்கும் முள் குட்டிக் குட்டியாக நகரும்போது சிறகு படபடக்கிற மாதிரியே இருக்கிறது! யோசித்துச் செய்ததில்லை, ஆனால் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளே இருக்கும் 17 கல் (தேய்மானத்தைக் குறைக்க வைக்கும் குட்டிக் கற்கள்) மெஷினுக்கு சர்வீஸ் மட்டும்தான். வரைந்தது வேறொரு டயலில். அப்பாவுடைய டயல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, திட்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அப்புறம், பட்டை இன்னும் வாங்கவில்லை. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் நல்ல தோல் பட்டை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.