துப்பறிவாளரின் விசித்திரக் குணங்கள் நம்மை ஏன் ஈர்க்கின்றன?

கேள்வி (ஈசூன் வாசகர்):
இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அம்மாவும் நானும் ‘மாங்க்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரை மறுபடியும் பார்த்து வருகிறோம். குற்றவாளி யார் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும், ஒருவருடன் கைகுலுக்கிய மறுகணமே, கிருமிகளுக்கு அஞ்சும் துப்பறிவாளர் மாங்க் ஈரத்தாளுக்காக உதவியாளரிடம் கை நீட்டும் காட்சிக்காக அம்மா காத்திருக்கிறார். கதையைவிட ஆளின் குணம் நம்மைக் கட்டிப்போடுவது ஏன்?

மறுமொழி (தோ பாயோ வாசகர்):
1971இல் தொடராக வரத் தொடங்கிய ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொடரைப் பாருங்கள். கொலையாளியைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் அணிந்த கசங்கிய மழை அங்கியையும், மனைவியைப் பற்றிய அவரது ஓயாத பேச்சையும் கண்டு வசதி படைத்த கொலையாளி அவரைக் குறைத்து எடைபோடுகிறான். விடைபெற்று வாசல்வரை போனவர் திரும்பிவந்து, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று கேட்கும்போதுதான் அவனுக்கு வியர்க்கிறது. அந்தக் குணம் வெறும் அலங்காரமன்று, அவருடைய ஆயுதமே அதுதான்.

மறுமொழி (ஜூரோங் வாசகர்):
உண்மை. ஆனால் மாங்க் வேறு வகை. மனைவி ட்ரூடியின் கொலைக்குப் பின் முற்றிப்போன அச்சங்கள் அவரை வாட்டுகின்றன. எதையும் அச்சத்தோடு பார்க்கும் அதே கண்தான் இடம் மாறிய சிறு பொருளையும் கவனிக்கிறது. பின்னாளில் வந்த சில தொடர்களில் விசித்திரம் ஒட்டுமீசைபோல நிற்பதும், வழக்கோடு அதற்கு உறவே இல்லாததும் எனக்கு வருத்தமளிக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “மாங்க் பயந்துகொண்டேதான் போகிறார், ஆனாலும் போகிறாரே” என்றார். நாளை கொலம்போவைத் தொடங்குகிறோம்.