மாரியில் எருமைத் தயிர் உறையவில்லை, சட்டிக்குள் குமிழி: உதவி வேண்டும்

படுவான்கரைத் தயிர்:
வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரண்டு பட்டிகளில் எருமைப் பால் வாங்கிச் சட்டித் தயிர் போட்டு விற்கிறோம். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் ஒரு குறையும் வராது. இந்த மாரியில் சில சட்டிகள் விடிந்தும் பாலாகவே கிடக்கின்றன. சிலது அரைகுறையாக உறைந்து, உள்ளே ஓட்டை ஓட்டையாகக் குமிழி. கெட்ட மணம் வருகிறது, புளிப்பே இல்லை. பாலை நன்றாகக் காய்ச்சுகிறோம், உறையும் பழைய உறைதான். என்ன காரணம்?

பட்டிக்காரன்:
தங்கச்சி, குளிர்தான். சட்டிகளை வைக்கோலுக்குள் வைத்துச் சாக்கால் மூடுங்கள்.

பால் ஆய்வு:
குளிர் பாதிக் காரணம்தான் அக்கா. தயிர்ப் பற்றீரியாக்களில் முக்கியமான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ், லக்டோபசிலஸ் பல்கேரிகஸ் இரண்டும் 40 முதல் 45 பாகை செல்சியஸில் நன்றாகப் பெருகும். அந்தச் சூட்டில் சில மணி நேரத்திலேயே பாலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, புளிக்கப் புளிக்க இறங்கும்) 4.6 அளவுக்கு இறங்கி, கேசின் புரதம் திரண்டு தயிராகும். மாரி இரவில் சட்டி ஆறிப்போனால் அவை மந்தமாகிவிடும். ஆனால் கோலிபோம் போன்ற வேண்டாத பற்றீரியாக்களுக்கு 25 பாகையே போதும். பாலில் அமிலம் ஏறாதவரை அவற்றைத் தடுக்க எதுவும் இல்லை. குமிழி அவை விடும் வாயு. காய்ச்சும்போது அவை செத்துவிடும், அதனால் அதற்குப் பிறகுதான் சட்டி, அகப்பை, கை, உறை ஏதோ ஒன்றின் வழியாக வந்திருக்கின்றன.

ஒன்று கேட்கவேண்டும்: ஏதாவது எருமைக்கு அண்மையில் ஊசி போட்டார்களா?

படுவான்கரைத் தயிர்:
ஓம் தம்பி, ஒரு பட்டியில் மடி வீங்கிய எருமைக்குப் போட்டார்களாம். ஆனால் காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

பால் ஆய்வு:
போகாது. மடி வீக்கத்துக்குப் போடும் பெனிசிலின் (பற்றீரியாவைக் கொல்லும் மருந்து) காய்ச்சினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மிகக் கொஞ்சம் இருந்தாலே தயிர்ப் பற்றீரியா வளராது. கோலிபோமையோ அந்த அளவு ஒன்றும் செய்யாது. புளிக்காமல் குமிழி மட்டும் வருவதால் எனக்கு இதில்தான் பலமான சந்தேகம். இரு பட்டிப் பாலையும் தனித்தனியே காய்ச்சி, இரண்டு சிறு கோப்பைகளில் ஒரே உறையை விட்டு, ஒரே சூட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று உறைந்து மற்றது பாலாகவே நின்றால் விடை கிடைத்துவிடும். எப்படியிருந்தாலும், மிருக வைத்தியர் சொல்லும் நாள் முடியும்வரை அந்த எருமையின் பாலை எதிலும் கலக்கக்கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களும் தயிர் வாங்குவார்கள், தயவுசெய்து இதை இலேசாக எடுக்காதீர்கள்.

குமிழி வந்த தயிரை விற்கவும் வேண்டாம், வீட்டில் சாப்பிடவும் வேண்டாம். அதிலிருந்து ஒரு கரண்டிகூட உறைக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த சட்டிகளுக்கும் பரவிவிடும்.

சட்டிவீடு:
மகள், மழைக்காலத்தில் மண்சட்டி மேலே காய்ந்தமாதிரித் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த நுண்துளைகளில் எல்லாம் வேண்டாத பற்றீரியா ஒளிந்திருக்கும். கழுவிய சட்டியைக் கொதிநீர் ஊற்றி வைத்து, பிறகு அடுப்பு மேலே கவிழ்த்து நன்றாகச் சூடேற்றுங்கள். நாங்கள் மாரி முழுக்க அப்படித்தான் செய்கிறோம். சூடு ஆறமுன் பாலை விட்டால் சட்டியும் குளிராது. ஆனால் பால் 50 பாகைக்கு மேல் இருக்கும்போது உறை விடாதீர்கள், உறை கெட்டுப்போகும்.

படுவான்கரைத் தயிர்:
சரி, இன்று பின்னேரமே இரண்டு பாலையும் பிரித்து வைக்கிறேன். உறையும் வேறு வீட்டில் வாங்கவா?

பால் ஆய்வு:
ஓம் அக்கா, நன்றாகப் புளித்த, குமிழி இல்லாத தயிரில் எடுங்கள். லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.