பவளத் தொட்டிக்கு டியூப் லைட்: வாட்டை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

களியக்காவிளையிலிருந்து:

பவளம் வளர்க்க உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி வாட்தான். நான்கு அடித் தொட்டிக்கு எத்தனை வாட் போதும்? என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. டியூப்புக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் தகடு, அதை எரிய வைக்கும் சோக், அது கக்கும் சூடு, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

பாறசாலையில் ஒரு சேட்டன் வீட்டில்தான் இது எனக்கு விளங்கியது. வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தொட்டிக்கு மேலே நான்கு டி5 டியூப்கள், அதாவது ஒல்லி ரக டியூப் லைட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நன்றாகப் பாலிஷ் செய்த வளைந்த அலுமினியத் தகடு. கிளிப்பைத் தட்டி ஒரு தகட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி எரியவிட்டார். அந்த டியூப்புக்கு நேர் கீழே மணலில் இருந்த வெளிச்சப் பட்டை சட்டென்று மங்கியது. "டியூப் வெளிச்சம் சுத்திவர எல்லாப் பக்கமும் போகும் மோனே. மேலே போறதை மடக்கிக் கீழே விடணும். இல்லைன்னா கரண்ட் பில் மட்டும்தான் மிச்சம்" என்றார். பட்டி (டியூப்கள் மாட்டும் சட்டம்) முழுவதற்கும் ஒரே தட்டைத் தகடு வைத்து விற்கிறார்களே, அது இதற்கு ஈடாகாது. தட்டைத் தகட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பகுதி மறுபடி டியூப்பிலேயே முட்டி வீணாகிறது. கூடத்தில் எரியும் டி8 டியூப்பின் தடிமன் 26 மில்லிமீட்டர், டி5 வெறும் 16. ஒல்லியாக இருப்பதால் தகட்டிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அது குறைவாகத்தான் மறைக்கும்.

அடுத்து சோக். நான்கு அடிப் பட்டிக்கு டி5 இரண்டு விதமாகக் கிடைக்கும், 28 வாட், 54 வாட் என்று. இரண்டும் ஒரே நீளம், முனையில் இருக்கும் ஊசிகளும் ஒரே மாதிரிதான், எதை மாட்டினாலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் 28 வாட் டியூப்பில் ஓட வேண்டியது 170 மில்லிஆம்பியர், 54 வாட்டில் 460. எனக்கு ஒரு கடையில் 54 வாட் டியூப்போடு 28 வாட் சோக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எரியத்தான் செய்தது. ஆனால் வெளிச்சத்தில் ஒரு சோர்வு, கூடவே டியூப்பின் இரண்டு ஓரமும் கறுக்கத் தொடங்கின. பட்டியைக் கழற்றி, சோக்கின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாங்கும்போதே அந்தச் சீட்டைப் படித்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் போட்ட பழைய செம்புச் சோக் இதற்கு ஆகவே ஆகாது, எலெக்ட்ரானிக் சோக்தான் வேண்டும்.

நிறம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைச் சாப்பாடாக மாற்றிப் பவளத்துக்குக் கொடுக்கிறது. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம். அதனால் நான்கு டியூப்பில் இரண்டோ மூன்றோ நீலமாக இருக்கட்டும், மிச்சம் 10,000 கெல்வின் (நீலச் சாயல் கலந்த) வெள்ளை. 420 நானோமீட்டர் ஆக்டினிக் (ஊதா கலந்த நீல) டியூப் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், நுண்பாசிக்கு அது மங்கல் இல்லை. போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப் வைத்து அளந்துவிட்டுப் போதவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. பச்சையைத் தூக்கிக் காட்டும், நீலத்தைக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே இடம். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு கொண்டு வந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றிய காலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. என் தொட்டியில் கல் எலும்புக்கூடு இல்லாத காளான் பவளமும் ஜோவாந்தஸும் (பொத்தான் பவளம்) மட்டும்தான். இவற்றுக்கு மிதமான வெளிச்சமே போதும், டி5 தாராளம். காளான்களைத் தரையோரம் நிழல் பார்த்து வையுங்கள், ஜோவாந்தஸை நடுமட்டத்தில்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணா, தகடு பற்றிச் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஊரில் சூடுதான் முதல் பிரச்சினை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அனல். டி5 டியூப் தன்னைச் சுற்றி 35 டிகிரி இருக்கும்போதுதான் முழு வெளிச்சம் தரும். மூடிய மரப் பெட்டிக்குள் அது எளிதாக 45-ஐத் தாண்டும், வெளிச்சமும் குறையும், தண்ணீரும் சுடும். நான் பெட்டியின் பின்பலகையை எடுத்துவிட்டு, பட்டியைத் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டேன். ஒரு சின்ன ஃபேன் டியூப்களுக்கு மேலே, இன்னொன்று தண்ணீர்ப் பரப்பை உரசுகிற மாதிரி. எங்கள் காற்று வறண்டது, தண்ணீர் வேகமாக ஆவியாகும், சூடு நன்றாக இறங்கும். உங்கள் பக்கம் கடற்கரை ஈரம் அதிகம், அதே ஃபேன் அவ்வளவு இறக்காது. அதை மனதில் வைத்து டியூப் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஆறு டியூப் வைத்துவிட்டுச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தேடி அலைவதைவிட நான்கு டியூப்பும் நல்ல தகடும் மேல்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே கிடக்கும். ஆகவே எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு கலந்த தண்ணீர் வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து:

களியக்காவிளை அண்ணாச்சி சோக்கைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் பட்டியைக் கழற்றிப் பார்த்தேன், நல்லவேளை 54-தான். எங்களுக்குச் சாரல் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். சக்கரம் சுற்றுகிற டைமர் வைத்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் அது பின்தங்கிவிடும். கடைசியில் ராத்திரி பத்து மணிக்குத் தொட்டி பளீரென்று எரியும். உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். இரண்டு சோக், இரண்டு டைமர்: காலையில் நீலம் முதலில், ஒரு மணி நேரம் கழித்து வெள்ளை. சாயங்காலம் வெள்ளை முதலில் அணையும். கோமாளி மீன் மிரளாமல் அனிமோனுக்குள் போய்ப் படுக்கும்.

ஹோல்டரில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். ரப்பர் மூடி போட்ட ஹோல்டர் கேட்டு வாங்குங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் தாழத் தொங்கட்டும், வழிகிற நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் உப்புத் தண்ணீர்த் தொட்டியே வைக்காதீர்கள். கையை விடுவது நாம் மட்டும் இல்லை, வீட்டில் பிள்ளைகளும்தான்.

களியக்காவிளையிலிருந்து மறுபடி:

தம்பி சொன்ன ஆர்.சி.சி.பி. விஷயத்தை எல்லாரும் இன்றைக்கே செய்துவிடுங்கள். டியூப் மாற்றுவதைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். எரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வெளிச்சமும் நிறமும் இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். புது டியூப் போட்டதும் காளான் பவளம் சுருங்கினால் ஒரு நாளில் எரியும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்து, மெல்ல மெல்ல எட்டு, ஒன்பது மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பழைய டியூப்பில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் உடைத்துப் போடாதீர்கள். புது டியூப் வந்த அட்டைக் குழாயிலேயே பழையதைச் செருகி, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், சாதாரண வெளிச்சத்துக்கான நீள டியூப்களின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த 2023-ல் முடிவு செய்துவிட்டன. தொட்டிக்கான டியூப்கள் வேறு வகைதான், ஆனாலும் சோக்கும் ஹோல்டரும் கடைகளில் குறைந்துகொண்டே வரும். இப்போது புதிதாகப் பட்டி வாங்குகிறவர்கள் ஒரு உபரி சோக்கையும் சேர்த்து வாங்கி வையுங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் 54 வாட் சோக் இருப்பு வைத்திருக்கிற கடை தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.